பதினைந்தாம் பக்கத்து மழை

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு நவம்பர் மாதம் நடந்தது இது. பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு ஒரு பிரேம் கடை இருக்கிறது. கல்யாண போட்டோ, சாமி படம், பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சான்றிதழ் எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை. வீட்டுக்காரர் சட்டம் அறுப்பார். நான் அட்டை வெட்டி, கண்ணாடி துடைத்து, பின்பக்கம் ஆணி அடிப்பேன். அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என் தோழி செல்போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். அந்த ஒரு போட்டோவால் நான் பட்ட பாடும், ஒரு சர்ச் நிறைய ஆட்கள் முன்னால் அசடு வழிந்ததும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் காமிக்ஸ் ஒரிஜினல் சேர்க்கிறவள். புத்தகம் அல்ல, புத்தகம் அச்சாவதற்கு முன்னால் ஓவியர் தன் கையால் வரைந்த அந்த அட்டை. புத்தகத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். மைக்கு அடியில் பென்சில் கோடு தெரியும். தப்பாக வரைந்த இடத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். பேசுகிற வசனத்தைத் தனித் துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் நீலப் பென்சிலால் பிரஸ்காரருக்குக் குறிப்பு இருக்கும். இது ஒன்றுமே அச்சில் தெரியாது. ஒரு மனுஷன் யோசித்து, தப்புப் பண்ணி, திருத்தி, மறுபடி போட்டது அத்தனையும் அந்த ஒரு அட்டையில் அப்படியே இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் சோறு தண்ணி வேண்டாம்.

இந்தக் கிறுக்கு கடையிலேயே தொற்றியது. பழைய பேப்பர் வியாபாரி ஒருவர் ஒரு முருகன் படத்துக்குப் பிரேம் மாற்றக் கொடுத்தார். பிரித்தால், படத்துக்கு முட்டாகப் பின்னால் ஒரு தடித்த அட்டை. திருப்பினால் மழையில் ஒரு கயிற்றுப் பாலம். நடுப்பாலத்தில் முதுகில் மூட்டையோடு ஒரு பெண். அக்கரை ஊரில் காய்ச்சலாம். மூட்டையில் இருப்பது மருந்தாம். கடைசிக் கட்டத்தில் பாலத்துக் கயிறு ஒன்று பட்டென்று அறுகிறது. அவ்வளவுதான். மூலையில் நீலப் பென்சிலில் 14 என்று எழுதியிருந்தது. வியாபாரி, "குப்பைதானுங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கதை வந்த புத்தகத்தை நான் தேடாத இடமில்லை. சேர்க்கிறவர்கள் குழுவில் கேட்டேன், பழைய புத்தகக் கடைகளில் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. அடுத்தடுத்து வேறு கதைகளின் பக்கங்கள் பத்து என் கைக்கு வந்தன. ஆனால் அந்தப் பெண் பாலத்தைத் தாண்டினாளா, ஆற்றில் விழுந்தாளா என்பது மட்டும் தெரியவே இல்லை. கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். என் வீட்டுக்காரர் தினமும் கடை திறக்கும்போது அதைப் பார்த்து, "ஏம்புள்ள, அந்தப் புள்ளைய எப்படியாச்சும் கரையேத்தி உடு. ஒம்பது வருசமா நனைஞ்சுட்டு நிக்கறா, சளி புடிச்சுக்கும்" என்பார்.

இப்போது தோழி அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். அவளும் நானும் பாலக்காட்டில் டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது ஒரே ஹாஸ்டல் அறை. நான் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். அவள் படித்து முடித்து, மூணாறை அடுத்த சின்னக்கானல் பக்கம் தான் பிறந்த எஸ்டேட்டிலேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள். அவர்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அந்தந்த வீட்டில் விளைந்ததை, வளர்த்ததை, சமைத்ததைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள். முன்கூட்டியே வந்து சேர்ந்த சாமான்களைப் படம் பிடித்து அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: 'நடுவுல இருக்க பூசணிக்காயப் பாரு. உன் முகசாடை.'

பூசணிக்காயை நான் பார்க்கவில்லை. வாழைத்தார், காந்தலூர் பூண்டுக் கட்டு, கால் கட்டின கோழிகள் இவற்றுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து ஒரு பிரேம் நின்றது. விரலால் பெரிதாக்கினேன். கயிற்றுப் பாலம். மழை. முதுகில் மூட்டை. இன்னும் பெரிதாக்கினால் மூலையில், மங்கலாக, நீலத்தில், 15.

பதற்றத்தில் ஒரு கஸ்டமரின் கண்ணாடியைக் கீழே வைப்பதற்குப் பதில் போனைக் கீழே போட்டேன். நல்லவேளை, போன் உடையவில்லை. உடனே தோழியைக் கூப்பிட்டேன்.

சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு: வேண்டும் என்கிற ஆசையை முகத்தில் காட்டாதே. காட்டினால் விலை ஏறும், அல்லது வைத்திருப்பவர் உஷாராகிவிடுவார். அதனால் தோழியிடம், அது என்னவென்று யாரிடமும் மூச்சு விடாதே, நீயே ஏலம் கேள், நான் ஓரமாகச் சும்மா நிற்கிறேன் என்று திட்டம் சொன்னேன். அப்போது அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. சாமர்த்தியம் என்றுதான் தோன்றியது.

"ஏலத்துல எடுக்கணும். அவ்வளவுதான?" என்றாள்.

"அவ்வளவுதான். எடுத்துப் போடு, சாமி" என்றேன்.

அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பதை நானும், நான் என்ன சொல்கிறேன் என்பதை அவளும் இன்னும் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மூணாறு பஸ். அட்டை வெட்டுகிற மிஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் ஒரு கவரில். தொழில் பழக்கம், பையில் சின்னக் கொறடு, அட்டை வெட்டுகிற கத்தி, மெத்தென்ற துணி, ஒட்டுகிற டேப். சின்னாறு செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்த்தவர் கொறடையும் கத்தியையும் வெளியே எடுத்து, "இதெந்தா சேச்சி?" என்று கண்ணை உருட்டினார். சர்ச்சுக்குப் போகிறேன் என்றேன். அவர் நம்பவே இல்லை. பிரேம் கடைக்காரி என்று விளக்கி முடிப்பதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேயிலைச் சரிவில் கல்லால் கட்டின சின்ன சர்ச், மேலே தகரக் கூரை. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே பந்தலுக்கு வருவதற்குள் நான் நைசாக நழுவிப் போய் அந்தப் பிரேமைப் பக்கத்தில் பார்த்துவிட்டேன். அதேதான். அதே கை, அதே பெண், அதே பின்னலில் அதே முடிச்சு. ஓரத்தில் நீலப் பென்சிலால் ஆசிரியர் யாரோ, 'மழை போதாது. இன்னும் போடவும்' என்று எழுதியிருந்தார். இந்த மலையில் நின்றுகொண்டு மழை போதாது என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஒரு சங்கடம். கண்ணாடி படத்தோடு ஒட்டினாற்போல் இருந்தது. வருடக்கணக்கான ஈரத்தில் கண்ணாடியின் உட்புறம் பூஞ்சை பூத்து, கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. மேலே இரண்டு கட்டம் தெரிந்தது. அவள் இன்னும் பாலத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டம் அந்த வெள்ளைக்குள் இருந்தது.

ஏலம் ஆரம்பித்தது. ஏலம் போட்டவர் தேயிலை பாக்டரியில் வேலை செய்கிறவர். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் சாதாரணமாகக் கூப்பிட்டாலே அடுத்த எஸ்டேட்டுக்குக் கேட்கும். முதலில் பூசணிக்காய். ஒரு கடைக்காரர் எடுத்தார். எடுத்த கையோடு பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து நின்று, "திரும்ப ஏலத்துக்கே குடுக்கேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அதே பூசணிக்காயை இன்னொருவர் எடுத்தார். அவரும் திரும்பக் கொடுத்தார். மூன்றாவது ஆள்தான் சாக்குப்பையில் போட்டுக்கொண்டார். அடடா, என்ன தமாஷான ஆட்கள் என்று நானும் சேர்ந்து கை தட்டினேன். அதற்கு மேல் என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. என் கண்ணெல்லாம் பிரேமில் இருந்தது.

கேக் போனது. கோழி போனது. ஒரு கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு பந்தலைச் சுற்றி ஓடியதில் பத்து நிமிஷம் போனது. அப்புறம் பிரேமைத் தூக்கினார்.

"இது ஒரு படம். என்ன படம்னு கேக்காதீய, எனக்கும் தெரியல. மழ பெய்யுது, அது மட்டும் தெரியுது. நம்ம ஊரு போட்டோவாத்தான் இருக்கும்!"

சிரிப்பு. யாரோ நூறு என்றார்கள். தோழி நூற்றைம்பது என்றாள். அவ்வளவுதான், வேறு குரலே இல்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! பிரேம் தோழி கைக்கு வந்தது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. ஒன்பது வருடம்! முகத்தை மட்டும் கல் மாதிரி வைத்துக்கொண்டேன்.

தோழி பிரேமை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்த்து ஒரு புன்னகை. பிறகு கூட்டத்தைப் பார்த்து, கணீரென்று சொன்னாள்: "திரும்ப ஏலத்துக்கே குடுக்கேன்!"

கை தட்டல் பந்தலையே தூக்கியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இல்லை, போனது மட்டும்தான், வரவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளைத் தொடையில் கிள்ளினேன். "ஏனாத்தா, என்ன காரியம் பண்ணிப்போட்டே!"

"ஏட்டி, வலிக்கி! என்னட்டி? எடுன்ன, எடுத்தேன். மொதத் தடவ எடுத்தத வீட்டுக்குக் கொண்டுட்டுப் போனா எங்க ஊர்ல ஒரு வருசத்துக்குப் பேசுவாவ. டீச்சரே இப்படியான்னு கேப்பாவ. திரும்பக் கேட்டு எடுத்துக்கிடலாம், நீ சும்மா இரி."

அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கோபாலபுரத்துக்காரிக்கு அது தெரியாது என்று அவள் எப்படி நினைப்பாள்?

ஆனால் இரண்டாவது சுற்றில் வேறு ஒருவர் இறங்கினார். ஜீப் ஓட்டுகிறவர், டூரிஸ்டுகளை வியூ பாயிண்டுக்குக் கூட்டிப் போகிறவர். தோழி இருநூறு என்றால் அவர் இருநூற்றைம்பது. தோழி தயங்கினாள். தன் விலைக்கு மேலே தானே ஏற்றி முந்நூறு என்றார் அவர். ஏலக்காரர் கிண்டலாக, "அண்ணாச்சி, இவ்வளவு ஆசையா? படத்துல யாரு, சொந்தக்காரியா?" என்று கேட்டார்.

"படம் எனக்கெதுக்கு? பிரேமு நல்ல தேக்கு. படத்தத் தூரப் போட்டுட்டு எங்க கல்யாண போட்டோவ வைக்கப் போறேன். பொண்டாட்டி ரெண்டு வருசமா கேக்கா."

"ஒரு தரம்..."

"ஏனுங், நில்லுங்! நில்லுங்க!"

கத்தியது நான்தான். எப்போது எழுந்தேன், எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது. பந்தலே திரும்பிப் பார்த்தது. காது வரைக்கும் எனக்குச் சூடு ஏறியது. கல் மாதிரி வைத்திருந்த முகம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஏலக்காரர் நல்ல மனுஷர். குரலை இறக்கி, "யக்கா, பதறாதீய. வெளியூரா? என்ன விசயம், சொல்லுங்க" என்றார்.

சொல்வதற்கு ஒரு பொய் வாயில் தயாராக இருந்தது. எனக்கும் பிரேம்தான் வேண்டும், நான் பிரேம் கடைக்காரி என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைகூட. அந்த நேரம் பார்த்துத் தோழி என் முந்தானையை இழுத்துக் காதில் சொன்னாள்: "அந்தா ஓரத்துல நிக்கா பாரு, பச்சச் சேல. அவதான் இதக் குடுத்தது."

ஐம்பது வயது இருக்கும். கொழுந்து கிள்ளுகிறவர். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி நின்றிருந்தார். தோழி மளமளவென்று சொன்னாள்: முந்தின வாரம் யானைக் கூட்டம் அவர் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இறங்கி, அவர் போட்டிருந்த வாழை, சௌசௌ, பீன்ஸ் எல்லாவற்றையும் மிதித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு காய் மிச்சமில்லை. பண்டிகைக்கு வெறுங்கையோடு வர மனசில்லாமல் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அது அவர் கல்யாணத்துக்கு அவருடைய அண்ணன் கொடுத்தது. அண்ணன் சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்த்தவர்; கழித்துப் போட்ட அட்டைகளில் ஒன்றை எடுத்து, கடன் வாங்கித் தேக்குச் சட்டம் போட்டுத் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார்.

இதைக் கேட்ட பிறகு அந்தப் பொய் தொண்டையைத் தாண்டவில்லை. வீட்டில் இருந்த ஒரே பொருளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பெண்ணிடமிருந்து, அது என்னவென்று அவருக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை மலை ஏறி வந்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. நேரே முன்னால் போனேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இது காமிக்ஸ் ஒரிஜினல், குப்பையில்லை, உலகத்திலேயே இந்தப் பக்கம் இது ஒன்றுதான் இருக்கிறது. இதற்கு முந்தின பக்கம் என் கடையில் இருக்கிறது. ஒன்பது வருடமாக இதைத் தேடுகிறேன். யாருக்கும் தெரியாமல் அமுக்கிவிடலாம் என்றுதான் டீச்சரைக் கேட்கச் சொன்னேன். கடைசி வரியைச் சொன்னபோது போதகர் இருமினார். தோழி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு பாட்டுக்குழுப் பெண், "அவ விழுந்தாளா, இல்லையா?" என்று கேட்டாள்.

"அதுதானுங்க எனக்கும் தெரியோணும்! கண்ணாடி மறைக்குது."

"அப்ப அதத் தொறங்க!" என்றார் ஏலக்காரர்.

ஏலம் நின்றது. கேக் வைத்திருந்த மேஜையைத் துடைத்தார்கள். என் பையில் இருந்து கொறடு, கத்தி, துணி எல்லாம் வெளியே வந்தன. சின்னாறில் நம்பாத மனுஷர் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சுற்றிலும் தலைகள், வெளிச்சம் மறைகிறது என்று தோழி பள்ளிக்கூடத்தில் அதட்டுகிற மாதிரி அதட்டினாள். கண்ணாடி மையைப் பிடித்துக்கொண்டுவிட்டதோ என்று எனக்குள் பயம். அப்படிப் பிடித்திருந்தால், தூக்கும்போது அவளும் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடுவாள். ஓரத்தில் கத்தியை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் நூலாகத் தூக்கினேன். வந்துவிட்டது. பூஞ்சை முழுக்கக் கண்ணாடியோடு போனது. அட்டை சுத்தமாக இருந்தது.

தூக்கின காற்றில் கடைசிக் கட்டத்திலிருந்து ஒரு துண்டுத்தாள் கழன்று பறந்தது. வசனம் எழுதி ஒட்டின தாள். பசை காய்ந்து போயிருந்தது. ஏலக்காரர் அந்தரத்திலேயே பிடித்து, தன் பாக்டரிக் குரலில் படித்தார்: "வந்து சேர்ந்துவிட்டேன்!"

பந்தலில் எழுந்த ஆரவாரத்தில் கட்டின கோழிகள்கூடக் கத்தின. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் கரையேறிவிட்டாள். கடைசிக் கட்டத்தில் அக்கரைப் பாறையில் உட்கார்ந்து, பின்னலைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பிறகு என் வித்தையைக் காட்டினேன். நீலப் பென்சில் குறிப்பைப் படித்துக் காட்டினேன். ஆசிரியர் மழை போதாது என்று சொன்னதும், ஓவியர் முடிந்துபோன படத்தின் மேல் வெள்ளை மையால் கோடு கோடாக மழையைப் பிறகு சேர்த்திருக்கிறார் என்றேன். சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் மட்டும் மேலே எழும்பி நிற்பது தெரியும். ஆளாளுக்குக் கன்னத்தை மேஜையோடு வைத்துப் பார்த்தார்கள். ஜீப்காரர் இரண்டு தடவை பார்த்தார்.

அப்போதுதான் பச்சைச் சேலைக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். என் விளக்கத்தை ஒரு பேச்சுக்குக்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைய மட்டும் பாக்கீங்களே தாயி. காத்தப் பாக்கலியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இந்தா, மேல ரெண்டுலயும் மழ எப்படிச் சாஞ்சு விழுது? காத்து அடிக்கி. பாலம் ஆடுது. அவளால அடி வைக்க முடியல. இங்க பாருங்க, இதுல நேரா விழுது. காத்து நின்னுட்டு. காத்து நிக்குறவர அசையாம நின்னுருக்கா. அதான் தாண்டிட்டா." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நாங்களும் அப்படித்தான. சரிவுல நிக்கும்போது காத்தோட மழ வந்தா செடியப் புடிச்சுக்கிட்டு நிப்போம். நடந்தா வழுக்கும். மூணு வருச மழைக்கு முன்னால வரைக்கும் எனக்கு இது நல்லாத் தெரியும். பொறவுதான் கண்ணாடி மூடிருச்சு."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும், ஆமா, ஆமா என்றார்கள். நான் அந்த அட்டையைக் குனிந்து பார்த்தேன். உண்மை. ஒவ்வொரு கோடும். பதினோரு ஒரிஜினல் வைத்திருக்கிறேன், வெள்ளை மை எந்த பிரஷ்ஷில் போட்டது என்று சொல்லுவேன். மழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. 'இன்னும் போடவும்' என்று ஆசிரியர் சொன்னதற்காக ஓவியர் எண்ணிக்கைக்குப் போடவில்லை. அந்த மழையிலேயே கதையைச் சொல்லியிருக்கிறார். அதைப் படித்தது பச்சைச் சேலைக்காரர் ஒருவர்தான்.

ஏலம் மறுபடி ஆரம்பித்தது. ஜீப்காரர் கையைத் தூக்கி, "நான் விலகிக்கிட்டேன். இதத் தூரப் போட்டா பொண்டாட்டி என்னத் தூரப் போட்ருவா" என்றார். நான் ஆயிரம் என்றேன். மறைக்க ஒன்றுமில்லாததால் குரல் தாராளமாக வந்தது.

"என்னோட மூணு நாள் சம்பளம்" என்றது ஒரு குரல்.

பச்சைச் சேலைக்காரர்தான்.

கொடுத்தவரே ஏலம் கேட்கிறார்! ஏலக்காரர் ஒரு கணம் திகைத்து, "அது ஆயிரத்துக்கு மேலதான்" என்றார். "மூணு நாள் சம்பளம், ஒரு தரம்..." என்று என்னைப் பார்த்து இழுத்தார். வேண்டுமென்றே இழுத்தார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

கையில் கவர் கனமாக இருந்தது. இன்னொரு வார்த்தை சொன்னால் போதும். அவரால் அதற்கு மேல் வர முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் திறந்து கிடந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். மூடினேன். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தேன். பெரிய மனசு என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். பதினான்கை மட்டும் வைத்திருக்கிறவளுக்கு அந்தப் பதினைந்து எப்படி இருக்கும் என்று சேர்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

"ரெண்டு தரம்... மூணு தரம்!"

கூட்டம் அவரைப் பார்த்தது. ஊர் வழக்கம் இருக்கிறதே. அவர் அட்டையை இரண்டு கையாலும் எடுத்து, "இத மட்டும் திரும்பத் தர மாட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க. போன வாரமே ஆனை எங்கிட்ட மொத்தமா வசூல் பண்ணிட்டு" என்றார். அன்றைக்கு எழுந்த கை தட்டலிலேயே பெரியது அதுதான்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். லயத்தில் கடைசி வீடு. கண்ணாடியைக் கழுவி, பிரித்த சட்டத்திலேயே நான்கு ஓரமும் அட்டைச் சீவல் வைத்து, கண்ணாடி இனிமேல் படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுப் பூட்டினேன். துண்டுத்தாளை அதே இடத்தில் ஒட்டினேன். ஈரச் சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டச் சொன்னேன். பாலில்லாத கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தார். கிளம்பும்போது கேட்டார்: "முந்தின பக்கம் உங்ககிட்டத்தான இருக்கு? அதையும் இங்க கொண்டாந்துருங்களேன். ஒண்ணா இருக்கட்டும்."

நான் கேட்க வந்ததை அவர் என்னிடம் கேட்டார்! என் முகம் போன போக்கைப் பார்த்துத் தோழி சிரித்த சிரிப்பில் சாயா அவள் மூக்கில் ஏறிவிட்டது.

வெறுங்கையோடு வீடு திரும்பினேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த பதினான்காம் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "மழ வலதாண்ட சாயுதாக்கு" என்றார். "அது செரி. தாண்டிப் போட்டான்னு தெரிஞ்சு போச்சு. இனி எனக்குக் கவலையில்லை."

அந்தப் பதினான்காம் பக்கத்தைப் பச்சைச் சேலைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் இந்தக் கதை நன்றாக முடியும். கொடுக்கவில்லை. முடியவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் அவருடையதைத் தர முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அறுப்பின் பண்டிகைக்குப் பதினான்காம் பக்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். செக்போஸ்ட்டில் இப்போது பையைத் திறப்பதில்லை. படத்தைக் காட்டச் சொல்கிறார்கள். அவர் வீட்டு உள்சுவரில் பதினைந்துக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறார். லயத்துப் பெண்கள், ஜீப்காரரும் அவர் மனைவியும், பாட்டுக்குழு எல்லாரும் வந்து பார்ப்பார்கள். நான் மையைப் பற்றிச் சொல்வேன், அவர் காற்றைப் பற்றிச் சொல்வார். மறுநாள் காலையில் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

என் சேகரிப்பு என்று யாராவது கேட்டால் பதினொன்று என்றுதான் இப்போதும் சொல்கிறேன்; ஆனால் மனசுக்குள் பன்னிரண்டு என்று எண்ணிக்கொள்கிறேன், அந்தப் பன்னிரண்டாவது ஒரு கொழுந்து கிள்ளுகிறவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, வருடத்தில் ஒரு ராத்திரி என் படத்தில் கயிறு அறுந்து நிற்கிற பெண் அவர் படத்தில் கரையேறிப் பின்னலைப் பிழிந்துகொள்கிறாள்.